வார்டோ, நார்வே: உப்பு தொடாமல் மீன் காய்வது எப்படி? மீன் இருந்தும் ஊர் பாதியானது ஏன்?

#1 நெத்திலி

நார்வேயின் கிழக்கு ஓரத்தில், பாரென்ட்ஸ் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தீவு ஊர் வார்டோ. 70° 22′ வடக்கு, 31° 6′ கிழக்கு. நார்வே என்றால் மேற்கு ஐரோப்பா என்று நினைப்போம். இந்த ஊரோ இஸ்தான்புல்லுக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்குக்கும் கிழக்கே கிடக்கிறது. பட்டாம்பூச்சி இறக்கை விரித்த மாதிரி இரண்டு நிலத்துண்டு, நடுவில் ஒடுங்கிய கழுத்து. அந்தக் கழுத்தில்தான் கடைத்தெருவும் துறைமுகமும்.

இரண்டு கேள்விகள். நம் பக்கம் நெத்திலி, காரப்பொடி மாதிரிப் பொடி மீன்தான் உப்பில்லாமல் மணலில் காயும். பெரிய மீன் என்றால் கீறி உப்புப் போட்டே ஆகவேண்டும். அங்கே 4, 5 கிலோ காட் மீனை உப்பே போடாமல் வெளியில் தொங்கவிட்டுக் கருவாடு ஆக்குகிறார்களே, அழுகாதா? இது ஒன்று.

இரண்டாவது: உலகின் மிகப் பெரிய காட் மீன் கூட்டம் வாசலில் நிற்கிறது. இருந்தும் ஏறத்தாழ 4,000 பேர் வாழ்ந்த இடத்தில் இப்போது சுமார் 2,000 பேர். ஏன்?

#2 வடகடல்

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது.

அந்தக் கருவாட்டுக்கு நார்வே மொழியில் டோர்ஃபிஸ்க், வியாபாரத்தில் ஸ்டாக்ஃபிஷ். சூட்டில் காய்வது அல்ல, குளிரில் காய்வது. அழுகலுக்கு நுண்ணுயிர் வேண்டும், நுண்ணுயிருக்குச் சூடு வேண்டும். பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலே, 0 முதல் 5 டிகிரிக்குள் காற்று அடித்துக்கொண்டே இருந்தால், அழுகல் நகர்வதைவிட ஈரம் வேகமாக வெளியேறும். அந்தப் பந்தயத்தில் ஈரம் முந்திக்கொள்ளும் காலம் பிப்ரவரி முதல் மே வரை. உப்பின் வேலையைக் காலண்டர் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வேலை கரையில் தொடங்குவதில்லை, படகிலேயே தொடங்குகிறது. மீன் உயிரோடு ஏறியதும் தொண்டையை அறுத்து, ஓடும் கடல்நீரில் அரைமணி நேரம் போலப் போட்டு ரத்தத்தை வடியவிட வேண்டும். வலையிலேயே செத்து ஒரு இரவு கிடந்த மீனில் ரத்தம் தசைக்குள் தங்கிவிடும். காய்ந்தபின் சதை கருஞ்சிவப்பாகத் தெரியும், தரம் இறங்கும். அதனால்தான் காய்ப்புக்குத் தூண்டில் மீனுக்கு மவுசு.

கரையில் தலையை வெட்டி, குடல், ஈரல், சினை எடுத்து, முதுகெலும்பை ஒட்டிய ரத்தக்கட்டியைச் சுரண்டிக் கழுவ வேண்டும். பிறகு ஒரே அளவுள்ள இரண்டு மீனை வாலோடு வால் சேர்த்துக் கயிற்றால் கட்டி, மரச்சட்டத்தின் கழியில் இருபுறமும் தொங்கும்படி போடுவார்கள். அந்தச் சட்டத்துக்கு ஹ்யெல் என்று பெயர். அளவு பொருந்தாவிட்டால் ஒன்று காய்ந்து நிற்கும், ஜோடி ஈரமாக இருக்கும். எடை பொருந்தாவிட்டால் காற்றில் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று ஒட்டும். ஒட்டிய இடத்தில் காற்றுப் படாது, பூஞ்சை பிடிக்கும்.

சுமார் 3 மாதம் வெளியே. ஜூன் மாதம் இறக்கி, காற்றோட்டமுள்ள கொட்டகையில் இன்னும் 2, 3 மாதம் உள்ளே. உள்ளே வைப்பதைத் தவிர்க்க முடியாது. தோலை ஒட்டி வறண்டு, முதுகெலும்பைச் சுற்றி ஈரம் மிச்சம் இருக்கும். அது மெல்ல வெளியே பரவி சமமாக வேண்டும்.

கெட்டுப்போகும் வழிகள் மூன்று. தொங்கவிட்ட முதல் வாரங்களில் கடும் உறைபனி அடித்தால் சதைக்குள் பனிப்படிகம் உருவாகி நாரைக் கிழிக்கும். காய்ந்தபின் கடற்பஞ்சு மாதிரி உப்பி, வெள்ளையாக, எடையே இல்லாமல் இருக்கும். ஊறவைத்தால் உதிரும். இரண்டாவது, மழையும் மிதவெப்பமும் சேர்ந்து வந்தால் வெட்டிய கழுத்துப் பகுதி புளிக்கும், அதற்குச் 'சூர் நாக்கே', புளித்த கழுத்து என்றே பெயர். மூன்றாவது ஈ. ஈ பறக்கத் தொடங்கும் முன் மீன் தோல் இறுகியிருக்க வேண்டும். ஈரத்தோலில் முட்டை விழுந்துவிட்டால் அந்த மீன் போனதுதான். காக்கையும் கடற்புறாவும் கொத்தாமல் மேலே வலை.

#3 தராசுத்தட்டு

வடகடல் சொன்னதோடு ஒரு கணக்கு. தலையும் குடலும் நீக்கிய காட் சதையில் சுமார் 80 சதவீதம் நீர். 100 கிலோ தொங்கவிட்டால் உலர் பொருள் 20 கிலோ. முடிவில் நீர் 15 சதவீதம் அளவுக்கு இறங்க வேண்டும். அப்படியானால் மிஞ்சும் எடை 20 ÷ 0.85, அதாவது 23.5 கிலோ. நாலு கிலோவுக்கு மேல் போட்டு ஒரு கிலோ எடுக்கிறார்கள். இதைவிட அதிகமாக ஒருவர் "எடை நின்றது" என்றால் உள்ளே ஈரம் மிச்சம் என்று பொருள்.

தரம் பிரிப்பவரை வ்ராக்கர் என்பார்கள். இயந்திரம் எதுவும் இல்லை. நீளம், தடிமன் பார்ப்பார், வயிற்றுப் பக்கத்தைத் திறந்து வெளிச்சத்தில் காட்டுவார், கழுத்தை முகர்வார், விரலால் அழுத்துவார். கிட்டத்தட்ட 20 தரம். மேல்தரம் இத்தாலிக்கு, கீழ்த்தரம் நைஜீரியாவுக்கு. காய்ந்த தலைகளும் நைஜீரியாவுக்கே. அங்கே குழம்புக்கு ருசி கொடுப்பது தலைதான், அதனால் இது கழிவு வியாபாரம் இல்லை. பலர் 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா போரில் நிவாரணமாகப் போனபோதுதான் அங்கே இது அறிமுகமானது என்று எழுதுகிறார்கள். தவறு. சந்தை அதற்கு முன்பே உண்டு, போர் அதைப் பரப்பியது.

ஒரு திருத்தமும் சொல்லவேண்டும்: இன்று ஸ்டாக்ஃபிஷ் என்றால் பெரும்பகுதி லோஃபோட்டன் தீவுகள். வார்டோவும் அது இருக்கும் ஃபின்மார்க் மாகாணமும் இதில் இரண்டாம் இடம்தான். இழையின் தலைப்பைப் பார்த்தால் வார்டோதான் முதலிடம் என்று தோன்றும்.

#4 கொண்டல்

தராசு, அதையும் சொல்லுங்களேன். இரண்டும் ஒரே நாடு, ஒரே மீன் கூட்டம். வார்டோ இன்னும் வடக்கே, இன்னும் குளிர். குளிர்தான் உப்பு என்றால் அங்கேதானே நன்றாகக் காயவேண்டும்?

#5 வடகடல்

குளிர் அதிகமானால் நல்லது என்பதில்லை கொண்டல். பூஜ்யத்தை ஒட்டி நிற்கும் குளிர் வேண்டும். லோஃபோட்டனில் மார்ச் மாதம் அப்படித்தான் இருக்கும். வார்டோவில் பிப்ரவரியில் தொங்கவிட்டால் உறைந்து பஞ்சாகிவிடும் அபாயம் அதிகம். ஏப்ரல்வரை பொறுக்கவேண்டும். பொறுத்தால், அந்தப் பக்கம் ஈக்காலம் துரத்திக்கொண்டு வரும். ஜன்னல் குறுகியது.

அதோடு மீனும் வேறு நிலையில் இருக்கும். லோஃபோட்டனுக்குப் போவது முட்டையிடப் போகும் முதிர்ந்த காட், பெயர் ஸ்க்ரேய். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி வந்தது, வயிறு காலி, சதை இறுகியது. வார்டோவுக்கு மார்ச், ஏப்ரலில் வருவது வேறு வகை வரவு. கேப்லின் என்ற சிறு மீன் ஃபின்மார்க் கரையில் முட்டையிட வரும், அதைத் தின்ன வயது குறைந்த காட் பின்னாலேயே வரும். இதற்கு லொட்டெ காட் என்று பெயர்.

இந்த மீனின் வயிறு கேப்லினால் புடைத்திருக்கும். செத்த பிறகும் செரிமான நீர் வேலையை நிறுத்தாது. வயிற்றுச் சுவரையே அரிக்கும். சில மணி நேரம் தாமதித்தால் வயிற்று ஓரம் கிழிந்து, சதை அடுக்கு அடுக்காகப் பிளந்து நிற்கும். அதனால் கேப்லின் பருவத்தில் படகிலேயே குடல் எடுத்து, பனிக்கட்டி போட்டு, அதே நாளில் கரை சேர்க்க வேண்டும். துண்டமாக்கி உறையவைக்கும் ஆலைக்கு இது போதும். மேல்தர ஸ்டாக்ஃபிஷுக்குப் போதாது.

ஆக, வார்டோவில் மீன் குறைவு இல்லை. தாமதத்தைப் பொறுக்காத மீன்.

#6 பாய்மரம்

வடகடல் சொன்ன அந்தக் குறுகிய ஜன்னல்தான் ஊரின் பாதி வரலாறு. கோடையில் மீன் ஏராளம், ஆனால் காயப்போட முடியாது. ஜூலை தொடங்கி ஆகஸ்ட் நடு வரையான காலத்துக்கு அங்கே 'மாக்கெ டீட்' என்று பெயர், நேர்ப்பொருள் புழுக்காலம். வீணாகப் போகும் அந்த மீனை வாங்க ஆள் வந்தது கிழக்கிலிருந்து.

வெள்ளைக்கடல் கரையோர ரஷ்யர்கள், போமோர்கள். பாய்க்கப்பலில் கம்பு மாவும் மரமும் ஏற்றிக்கொண்டு வருவார்கள். மீனை ஈரமாகவே வாங்கி, கப்பலின் அடியறையிலேயே உப்புப்போட்டு அடுக்கிக்கொண்டு ஆர்க்கான்கெல்ஸ்க் பக்கம் திரும்புவார்கள். அவர்களிடம் உப்பு உண்டு, தானியம் உண்டு, நோன்புக்காலத்தில் இறைச்சி விலக்கும் மக்கள்கூட்டம் உண்டு. இவர்களிடம் மீன் உண்டு, ஒரு மணி தானியம்கூட விளையாது. ஜூலையின் சராசரி வெப்பமே 1961 முதல் 1990 வரையான கணக்கில் 10 டிகிரிக்குக் கீழே. மரமும் வளராது. மீன் காயப்போடும் சட்டத்துக்கும் வீட்டுக்கும் மரம் வெளியிலிருந்துதான். கோட்டைக்குள் ஒரே ஒரு ரோவன் மரத்தைக் குளிர்காலத்தில் போர்த்திப் போர்த்திக் காப்பாற்றினார்கள் என்றால் பாருங்கள்.

18ஆம் நூற்றாண்டின் நடுவில் வலுப்பெற்ற இந்த வணிகம் 1917 ரஷ்யப் புரட்சியோடு முடிந்தது. 1789இல் வணிக ஏகபோகம் நீக்கப்பட்டு வார்டோவுக்கும் ஹாம்மர்ஃபெஸ்ட்டுக்கும் நகர உரிமை கிடைத்ததன் காரணங்களில் இதுவும் ஒன்று. நகரம் என்ற பெயர் கிடைக்கும் முன்பே கோட்டை இருந்தது. தேவாலயம் 1307இல் திருநிலைப்படுத்தப்பட்டது, முதல் கோட்டையும் அந்தக் காலத்ததே. இன்று நிற்கும் எட்டுமுனை நட்சத்திரக் கோட்டை 1734 முதல் 1738க்குள் கட்டியது.

#7 நெத்திலி

மாவுக்கு மீன் மாற்ற எந்த மொழியில் பேசினார்கள்? ரஷ்யனும் நார்வேக்காரனும்.

#8 பாய்மரம்

அதற்கென்றே ஒரு மொழி முளைத்தது, ருஸ்ஸெநோர்ஸ்க். சில நூறு சொற்கள்தான். பாதி ரஷ்யச் சொல், பாதி நார்வேச் சொல். வினைக்கு 'ஓம்' என்ற ஒரே விகுதி ஒட்டும்: கோபோம் என்றால் வாங்கு, ட்ரிக்கோம் என்றால் குடி. முன்னிடைச் சொல் எல்லாவற்றுக்கும் 'போ' ஒன்றே. "மோயா போ த்வோயா" என்றே அந்த மொழியை அழைத்தார்கள், "என்னுடையது உன்னுடையதில்" என்ற மாதிரி. எஜமான் அடிமை உறவில் பிறக்காமல், இரண்டு பக்கமும் சமமாக நின்று பேரம் பேசியதால் பிறந்த கலப்பு மொழி என்பதால் மொழியியலாளர்கள் இதைத் தனியாகப் பார்க்கிறார்கள். இரண்டு தரப்பும் தான் மற்றவன் மொழியைப் பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்தது என்றும் சொல்வார்கள்.

மொழி என்று வந்ததால் இன்னொன்று, தலைப்புக்கு வெளியே. 1769 ஜூன் 3, வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க வியன்னாவிலிருந்து மாக்சிமிலியன் ஹெல் என்ற பாதிரியார் வார்டோவுக்கு வந்தார். நள்ளிரவிலும் சூரியன் இறங்காத ஊர் என்பதால் கடப்பு முழுவதையும் அங்கிருந்து பார்க்கலாம். அவருக்கு உதவியாளர் யானோஷ் ஷாய்னோவிச், ஹங்கேரியர். அங்கிருந்த சாமி மக்களின் பேச்சைக் கேட்டு, ஹங்கேரிய மொழியும் சாமி மொழியும் உறவு என்று அடுத்த ஆண்டே நூல் வெளியிட்டார். வானம் பார்க்கப் போனவர் கையில் மொழிக்குடும்பம் சிக்கியது.

#9 உப்பளத்தான்

இவ்வளவு சுற்றுவானேன்? ஆர்க்டிக் கடல், உறைந்து கிடக்கும், ஆறு மாசம் படகே போகாது. யார் இருப்பான் அந்த ஊரில்? இதுதான் காரணம்.

#10 வடகடல்

இல்லை ஐயா. வார்டோ துறைமுகம் ஆண்டு முழுக்கத் திறந்தே இருக்கும். அட்லாண்டிக்கின் வெந்நீரோட்டம் வடக்கே ஏறி அங்கே சுற்றி வருகிறது. இருட்டு உண்டு, நவம்பர் கடைசி வாரத்திலிருந்து ஜனவரி நடுப்பகுதி தாண்டும்வரை சூரியன் எழாது. முதல்முறை சூரியத்தட்டு முழுதாகத் தெரியும் நாளில் கோட்டையில் பீரங்கி வெடிப்பார்கள், பள்ளிக்கு அன்று விடுமுறை. மேகம் மூடினால் விடுமுறை தள்ளிப்போகும், பிள்ளைகள் மேகத்தைத் திட்டுவார்கள்.

கடல் உறையாது, ஆனால் படகு உறையும். அங்கே ஆளைக் கொல்வது இதுதான். காற்று மைனஸ் 5க்குக் கீழே, வேகம் பலம், படகு எதிர்க்காற்றில் போகிறது என்றால் தெறிக்கும் நீர்த்திவலை கம்பி, கைப்பிடி, கூண்டு, ஆண்டெனா எல்லாவற்றிலும் விழுந்த இடத்திலேயே உறையும். எடை மேலே ஏறும், ஈர்ப்புமையம் உயரும். படகு சாய்ந்தால் திரும்பி நிமிர நேரம் எடுக்கத் தொடங்கும். 10, 11 மீட்டர் படகுக்கு அந்த மெத்தனம்தான் எச்சரிக்கை மணி. அதற்குப்பின் அடுத்த அலையை நம்ப முடியாது.

செய்யவேண்டியது: முதலில் வேகத்தைக் குறைப்பது, முடிந்தால் காற்றுக்கு முதுகு காட்டித் திரும்புவது. திவலை குறைந்தாலே ஏற்றம் குறையும். மரச்சுத்தியலால் உடைக்க வேண்டும், இரும்பால் அடித்தால் கம்பியும் கண்ணாடியும் போகும். உயரத்தில் உள்ளதை முதலில், இரு பக்கமும் மாற்றி மாற்றி. ஒரு பக்கத்தை முழுக்கச் சுத்தம் செய்துவிட்டு மறுபக்கம் போனால் அந்தச் சரிவிலேயே கவிழலாம். தளத்தில் நீர் வெளியேறும் ஓட்டைகள் அடைபட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். மேல்தளத்தில் வலையோ கூடையோ இருந்தால் கீழே இறக்கிவிடுவது. ஈர வலை பனிக்கட்டியைப் பஞ்சுபோல் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று போலார் லோ எனப்படும் சிறு புயல். பனிப்பரப்பிலிருந்து குளிர்காற்று வெதுவெதுப்பான கடல்மேல் வழியும்போது சில மணி நேரத்தில் பிறந்து, ஓரிரு நாளில் மடியும். சிறியது, ஆயுள் குறைவு, அதனால் கணிப்பில் தப்பிவிடும். காலையில் அமைதி, மதியம் கண்மூடித்தனமான பனிப்பொழிவுடன் காற்று.

#11 பாய்மரம்

அப்படி ஒரு புயலுக்கு இந்த ஊர் கொடுத்த விலை வேறு மாதிரி. 1617 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், வார்டோவிலிருந்தும் பக்கத்து கீபெர்கிலிருந்தும் கடலுக்குப் போன படகுகளில் பத்து திரும்பவில்லை, நாற்பது ஆண்கள் போனார்கள். அதே ஆண்டு டென்மார்க்-நார்வே அரசு சூனியத்துக்கு எதிரான ஆணை பிறப்பித்தது. 1619இல் ஃபின்மார்க்கின் ஆளுநராக ஸ்காட்லாந்துக்காரர் ஜான் கன்னிங்காம் வந்தார். 1621 விசாரணைகளில், கயிற்றில் முடிச்சுப் போட்டு ஊதி அந்தப் புயலை எழுப்பியதாகப் பெண்களிடம் வாக்குமூலம் பிடுங்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவரைக் கடலில் போட்டுப் பார்ப்பார்கள். மிதந்தால் குற்றவாளி. அதன்பின் சித்திரவதை.

17ஆம் நூற்றாண்டில் ஃபின்மார்க்கில் 135 பேர் விசாரிக்கப்பட்டு 91 பேர் கொல்லப்பட்டார்கள். 77 பெண்கள், 14 ஆண்கள். மக்கள்தொகை அவ்வளவு குறைந்த பகுதிக்கு இது பயங்கரமான விகிதம். ஆண்களில் பெரும்பாலோர் சாமி இனத்தவர். வார்டோவின் ஸ்டெயில்நெசெட் கரையில் 2011இல் திறந்த நினைவிடத்தில் 91 சிறு ஜன்னல், ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு, அருகே அந்த ஆளின் வழக்குக் குறிப்பு. நீண்ட கூடத்தை வடிவமைத்தவர் பீட்டர் சும்தோர். பக்கத்துக் கண்ணாடி அறையில் எரியும் நாற்காலி லூயிஸ் பூர்ஷ்வாவுடையது. மீன் காயப்போடும் ஹ்யெல் மாதிரியே மரச்சட்டத்தில் துணிக்கூடம் தொங்குகிறது என்பதை உள்ளூர்க்காரர் பார்த்ததும் புரிந்துகொள்வார். சுற்றுலாக் கையேடுகள் அதை விட்டுவிடுகின்றன.

#12 தராசுத்தட்டு

நெத்திலியின் இரண்டாம் கேள்விக்கு வருவோம். உப்பளத்தான் சொன்னதுபோல் குளிர் காரணம் இல்லை, மீன் குறைவும் காரணம் இல்லை. மீன் கரை இறங்கும் நிமிடத்தில் யாருக்கு என்ன உரிமை என்பதைச் சட்டம் எழுதியபோதெல்லாம் ஊர் ஏறியிருக்கிறது அல்லது இறங்கியிருக்கிறது.

முதலில் ஏற்றம். 1938க்கு முன் மீனவன் வியாபாரியிடம் முன்கடன் வாங்கிக் கடலுக்குப் போவான். வியாபாரி சொல்வதே விலை. கோபம் எப்படி இருந்தது என்பதற்கு மேற்கே மேஹாம்ன் என்ற ஊர் சாட்சி. திமிங்கிலம்தான் கேப்லினையும் காட் மீனையும் கரைக்குத் தள்ளிவருகிறது, அதைக் கொன்றால் நமக்கு மீன் இல்லை என்று 1903இல் மீனவர்கள் திமிங்கில ஆலையைக் கையாலேயே பெயர்த்துப் போட்டார்கள். அடுத்த ஆண்டு அரசு வட மாகாணங்களில் திமிங்கில வேட்டைக்குப் பத்தாண்டுத் தடை விதித்தது. நாடாளுமன்றத்தில் தொழிலாளர் கட்சியின் முதல் உறுப்பினர்கள் 1903இல் வடக்கிலிருந்துதான் போனார்கள்.

1938இல் பச்சைமீன் சட்டம் வந்தது. முதல் விற்பனை மீனவர்களின் விற்பனைக் கழகம் வழியாக மட்டுமே, குறைந்தபட்ச விலையைக் கழகமே வைக்கும். இன்றும் அடிப்படை அதுதான், 2013இல் புதிய சட்டம் பெயர் மாற்றியது. நடைமுறை இப்படி: மீன் இறங்கியதும் எடை, இனம், அளவு வகுப்பு, எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிய இறக்குச்சீட்டில் படகுக்காரரும் வாங்குபவரும் கையெழுத்துப் போடவேண்டும். ஒவ்வொரு படகும் இவ்வளவுதான் பிடிக்கலாம் என்ற ஒதுக்கீடு முழு மீன் எடையில் கணக்கு; தலையும் குடலும் நீக்கிய காட் 1,000 கிலோ இறக்கினால் அதிலிருந்து கழிவது 1,500 கிலோ, பெருக்கெண் 1.5. தலை இருந்தால் பெருக்கெண் 1.18. தலையில்லா மீனைத் தலையுள்ள மீன் என்று எழுதினால் 320 கிலோ ஒதுக்கீடு மிச்சம் பிடிக்கலாம், அதனால் ஆய்வாளர் முதலில் பார்ப்பது இந்தக் கட்டத்தைத்தான்.

#13 கொண்டல்

இது மீனவனுக்கு நல்லதுதானே. பிறகு எங்கே இறங்கியது?

#14 தராசுத்தட்டு

1980களின் நடுவில் பாரென்ட்ஸ் கடலில் கேப்லின் சரிந்தது. அதைத் தின்னும் கிரீன்லாந்து சீல்கள் பசியோடு கூட்டம் கூட்டமாகத் தெற்கே இறங்கி ஃபின்மார்க் கரைக்கு வந்தன, உச்சம் 1987. வலையில் பல்லாயிரம் சீல் சிக்கிச் செத்தது. வலை போச்சு, இருந்த காட் மீனும் விலகிப் போச்சு. அந்த மூன்று நான்கு ஆண்டு கிழக்கு ஃபின்மார்க் படகுகளின் பிடிப்பு அடிமட்டம்.

அடுத்த அடி அரசிடமிருந்து. காட் கூட்டமும் மெலிந்துவிட்டது என்று 1990இல் கடலோரப் படகுகளுக்கு முதன்முறையாகத் தனிப் படகு ஒதுக்கீடு. யாருக்கு? 1987 முதல் 1989 வரை போதுமான அளவு பிடித்துக் காட்டியவருக்கு. சீல் வந்து நாசமான அதே ஆண்டுகள்! தெற்கே லோஃபோட்டன் பக்கத்தில் பிடித்தவருக்கு ஒதுக்கீட்டுச் சீட்டு கிடைத்தது. இங்கே வலையில் சீலைப் பிடித்தவர் மிச்சத்துக்குப் போட்டிபோடும் திறந்த பிரிவில் விழுந்தார். ஃபியோர்டு ஓரச் சாமி மீனவர்களுக்கு அடி இன்னும் பலம்.

வாராங்கர் ஃபியோர்டில் பூகோய்னெஸ் என்று ஒரு கிராமம். 1989இல் தலைநகர் நாளிதழ் தாக்ப்லாடெட்டில் விளம்பரமே கொடுத்தார்கள், ஊரோடு மொத்தமாகக் குடிபெயரத் தயார், யார் ஏற்பீர்கள் என்று.

பின்னால் மீன் திரும்பியது. நார்வே-ரஷ்யக் கூட்டு ஆணையம் 2013க்கு வைத்த காட் பிடிப்பு வரம்பு 10 லட்சம் டன். ஆனால் சீட்டு இல்லாத ஊருக்கு மீன் திரும்பியதால் என்ன? 2000களில் இரண்டு படகின் ஒதுக்கீட்டை ஒரு படகில் சேர்க்க அனுமதி வந்ததும், சீட்டு விற்பனையாகி வேறு துறைக்குப் போனது. 11 மீட்டருக்குக் குறைந்த படகுக்கு அப்படிச் சேர்க்க அனுமதி இல்லை, சிறு படகு மிஞ்சியிருப்பது அந்த ஒரு வரியால்.

#15 உப்பளத்தான்

சரி, குளிரை விட்டுவிட்டேன். ஆனால் இப்போது அங்கே ராட்சச நண்டு பிடித்துக் கோடி கோடியாகச் சம்பாதிக்கிறார்களாமே? அப்புறம் என்ன ஏழ்மை?

#16 வடகடல்

சிவப்பு ராஜநண்டு. பசிபிக் உயிரினம். 1960களில் சோவியத் விஞ்ஞானிகள் கொண்டுவந்து முர்மான்ஸ்க் பக்கம் விட்டார்கள், அது நடந்தே மேற்கே வந்தது. முதலில் மீனவருக்குச் சனியன்: வலையைச் சிக்கலாக்கும், தூண்டில் இரையைத் தின்னும். 2002 முதல் வணிகப் பிடிப்பு. 26 டிகிரி தீர்க்கரேகைக்குக் கிழக்கே ஒதுக்கீட்டு முறை, அங்கே கூட்டத்தைக் காப்பாற்றுகிறார்கள். மேற்கே யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம், பிடித்ததைத் திரும்பக் கடலில் விடக்கூடாது, ஏனென்றால் அங்கே பரவாமல் தடுப்பதே நோக்கம். ஒரே உயிர், கோட்டுக்கு இந்தப்பக்கம் சொத்து, அந்தப்பக்கம் களை.

காசு உயிரோடு இருக்கும்வரைதான். கூண்டிலிருந்து எடுக்கும்போது காலைப் பிடித்துத் தூக்கினால் கால் கழன்றுவிடும், ஓட்டைப் பிடித்துத்தான் தூக்கவேண்டும். ஒரு கால் போனால் விலை இறங்கும். பனிக்காற்றில் தளத்தில் வைத்தால் செவுள் உறைந்து செத்துவிடும், அதனால் உடனே கடல்நீர்த் தொட்டி அல்லது ஈரத்துணி போர்த்திய பெட்டி. விமானத்துக்கு முன் சில நாள் பட்டினி போடுவார்கள், தொட்டிநீர் அழுக்காகாமல் இருக்க. பூகோய்னெஸ் பிழைத்தது இதனால்தான், 1989 விளம்பரத்தை இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். வார்டோவுக்கும் பங்கு உண்டு. ஆனால் நண்டு நேராக விமான நிலையம் போகும் சரக்கு, ஆலையில் நூறு பேருக்கு வேலை கொடுக்காது.

#17 கொண்டல்

ஊரின் தோற்றம் பற்றி யாரும் எழுதவில்லையே. இப்போது நிற்கும் வீடுகளில் பெரும்பாலானவை போருக்குப் பின் கட்டியவை. ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது சோவியத் குண்டுவீச்சு, 1944 அக்டோபரில் பின்வாங்கியபோது அவர்களே வைத்த தீ, இரண்டிலும் ஊரின் பெரும்பகுதி போனது. 1982இல் கடலடிச் சுரங்கப்பாதை திறந்தது, நார்வேயின் முதல் கடலடிச் சுரங்கம். 2.9 கிலோமீட்டர், ஆழமான இடம் கடல்மட்டத்துக்கு 88 மீட்டர் கீழே. படகுத்துறையில் காத்திருப்பது ஒழிந்தது. மீன் லாரியும் அதே வழியாக நேராக வெளியே போகிறது.

காலியான மீன் ஆலைகளின் ஜன்னல் விளிம்பில் இப்போது கிட்டிவேக் கடற்பறவைகள் கூடு கட்டுகின்றன. எதிரே ஹோர்னோயா தீவின் பாறைச் சுவரைவிட ஊர்ச்சுவர் அவற்றுக்கு வசதி.

#18 நெத்திலி

தராசு, 2013இல் 10 லட்சம் என்றீர்கள். இப்போது? அப்புறம் வடகடல், அந்தக் கருவாட்டை எப்படிச் சமைப்பது? கல் மாதிரி இருக்குமே.

#19 தராசுத்தட்டு

2025க்கு 3 லட்சத்து 40 ஆயிரம் டன். பன்னிரண்டு ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு. மீன் கூட்டம் மெலிந்ததால் குறைத்தது. விலை ஏறியதால் படகுக்காரர் ஓரளவு தாக்குப்பிடிக்கிறார், பாதி நாள் காலியாக நிற்கும் ஆலைக்குத்தான் இடி.

#20 வடகடல்

கல் மாதிரிதான். ரம்பத்தால் அறுத்துத் துண்டாக்கு, அல்லது கனமான சுத்தியலால் தட்டி நாரைத் தளர்த்து. குளிர்ந்த நீரில் 5 முதல் 7 நாள், தினமும் நீர் மாற்ற வேண்டும். ஃபிரிட்ஜுக்குள்ளேயே ஊறவை. வெளியில், குறிப்பாக நம் வெயிலில் வைத்தால் இரண்டாம் நாளே நாறிவிடும். குளிர் செய்த வேலையை நாம் திருப்பிச் செய்கிறோம், அழுகல் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். முதுகெலும்பு ஓரத்தில் கத்தி நுனி தடையில்லாமல் இறங்கினால் ஊறிவிட்டது. இறங்காவிட்டால் இன்னொரு நாள். உப்பு கிடையாது என்பதால் நம் கருவாட்டுக் கணக்கில் சமைக்காதே, குழம்புக்கு உப்பு முழு அளவு போடவேண்டும்.